ஆறாம் மாதத்தில் எதை, எப்படி, எந்த வரிசையில்: பினாங்குப் பெற்றோருக்கு ஒரு குழந்தை உணவு வழிகாட்டி

பினாங்கில் தலைப்பிள்ளை பெற்றவர்களுக்கு ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை. ஐந்தாம் மாதம் முடிவதற்குள் ஆளுக்கொரு சட்டம் வந்து சேர்ந்துவிடும். ஓராண்டு நிறையும்வரை முட்டையைக் கண்ணில் காட்டாதே என்பார் மாமியார். கஞ்சியில் இக்கான் பிலிஸ் என்னும் நெத்திலிக் கருவாட்டுத் தூளைத் தூவினால்தான் பிள்ளை தேறும் என்பார் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா. சீன நண்பர், சூப்பாகக் காய்ச்சிக் குடிக்கும் பறவைக்கூட்டைப் பரிசாகக் கொண்டுவருவார். மருந்துக்கடைக்குப் போனால் குடலுக்கு நல்லது என்று ஒரு சொட்டு மருந்தைக் கையில் திணிப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காகப் பாயான் லெப்பாஸ் பக்கம் வந்து குடியேறியவர்களுக்கு இந்தக் குழப்பம் இரட்டிப்பு. அங்கே கேட்டுப் பழகிய சட்டம் வேறு, இங்கே கேட்பது வேறு.

இவற்றில் எதைப் பிடித்துக்கொள்வது? என் பதில் சுருக்கமானது. ஒவ்வாமை வந்துவிடுமோ என்று பயந்து எந்த உணவுகளை ஒளித்து வைக்கிறோமோ, அவற்றைத்தான் ஆறாம் மாதத்தை ஒட்டி ஒவ்வொன்றாகக் கொடுக்கத் தொடங்கி, பிறகு நிறுத்தாமல் கொடுத்துவர வேண்டும். கூடவே, பிள்ளையின் தோலில் கரப்பான் (எக்ஸிமா) இருந்தால் அதைச் சும்மா விடக் கூடாது.

பழைய சட்டம் எப்படிச் செல்லாக்காசானது

மாமியாரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் சொல்வதை ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள். 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், ஒவ்வாமை வாய்ப்புள்ள பிள்ளைகளுக்குப் பசும்பாலை ஓராண்டு, முட்டையை ஈராண்டு, வேர்க்கடலையையும் மீனையும் மூன்றாண்டு தள்ளிப்போடச் சொன்னது. தள்ளிப்போட்டதால் ஒவ்வாமை குறையவில்லை. 2008இல் அந்த ஆலோசனையை அதே கழகம் கைவிட்டது.

அதே 2008இல் லண்டனைச் சேர்ந்த பேராசிரியர் கிடியன் லாக் குழுவினர் ஒரு வேடிக்கையான வேறுபாட்டைக் கண்டுபிடித்தார்கள். பிரிட்டனில் வளரும் யூதப் பிள்ளைகளிடம் வேர்க்கடலை ஒவ்வாமை, இஸ்ரேலில் வளரும் யூதப் பிள்ளைகளிடம் இருந்ததைவிட ஏறத்தாழ பத்து மடங்கு அதிகம். இருவருக்கும் வம்சம் ஒன்றுதான். ஆனால் இஸ்ரேலியப் பிள்ளைகள் பால்குடி வயதிலேயே வேர்க்கடலைத் தின்பண்டம் சாப்பிட்டுப் பழகியவர்கள். பிரிட்டிஷ் பிள்ளைகளுக்கு அது மறுக்கப்பட்டிருந்தது. இதைச் சோதித்துப் பார்க்கவே கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளைக் கொண்டு லீப் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு வேர்க்கடலையை நான்கு முதல் பதினோரு மாத வயதுக்குள் தொடங்கி ஐந்து வயதுவரை கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு அறவே கொடுக்கவில்லை. 2015இல் முடிவு வெளிவந்தது: கொடுக்காத கூட்டத்தில் 17.2 விழுக்காட்டினருக்கு ஒவ்வாமை, கொடுத்த கூட்டத்தில் 3.2 விழுக்காட்டினருக்கு மட்டும். அதே பிள்ளைகளைப் பதின்ம வயதில் மறுபடி பார்த்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. அந்தக் காப்பு அப்போதும் நிலைத்திருந்தது.

இதற்குச் சொல்லப்படும் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு, வாசல் வழியாக வருபவரை விருந்தாளி என்கிறது. ஓட்டைப் பிரித்து இறங்குபவரைத் திருடன் என்கிறது. வாயும் குடலும்தான் வாசல். அந்த வழியாக வரும் உணவுப் புரதத்தை உடல் ஏற்றுப் பழகிக்கொள்கிறது. அதே புரதம் வெடித்துச் சிவந்த தோல் வழியாக நுழைந்தால் எதிரி என்று குறித்துவைத்துக்கொள்கிறது. வேர்க்கடலையே வாங்காத வீடு அரிது. தூள் கையிலும் பாயிலும் மெத்தையிலும் இருக்கத்தான் செய்யும். ஆகவே, வாய்வழியைப் பூட்டி வைத்தால் தோல்வழி முந்திக்கொள்கிறது.

படி 1: சாப்பாட்டுக்கு முன் தோலைப் பாருங்கள்

இந்தப் படியைப் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். கன்னம், முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு ஆகிய இடங்களில் வறண்டு சிவந்து, பிள்ளை தூக்கத்திலும் சொறிந்துகொண்டே இருந்தால் அது எக்ஸிமா என்னும் கரப்பானாக இருக்கலாம். இந்தப் புழுக்க ஊரில் வியர்க்குரு என்று பவுடரைக் கொட்டி மூடிவிடுவது எளிது. அப்படி மூடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம் வீடுகளில் கரப்பான் என்றதும் ‘கரப்பான் பண்டம்’ என்று ஒரு பட்டியல் வரும்: கத்தரிக்காய், கருவாடு, நண்டு, முட்டை. பால் கொடுக்கும் தாய் இதில் எதையும் தொடக் கூடாது என்பார்கள். பிள்ளைக்கு ஒவ்வாமை வராமல் தடுக்கத் தாய் உணவைக் குறைத்துக்கொள்வதால் பயன் உண்டு என்பதற்குச் சான்று இல்லை. பிள்ளை பெற்று, பாலும் கொடுத்து, பத்தியமும் இருந்து மெலிந்து போவதுதான் மிச்சம். இன்னொரு ஆபத்தும் உண்டு. பிள்ளை தொல்லையின்றிச் சாப்பிட்டு வந்த உணவைக் கரப்பானுக்காகப் பல மாதங்கள் நிறுத்திவிட்டு மறுபடி கொடுக்கும்போது, சில பிள்ளைகளுக்கு உண்மையான கடும் ஒவ்வாமை வெளிப்பட்டிருக்கிறது. மருத்துவர் சொல்லாமல் எதையும் விலக்காதீர்கள்.

ஸ்டீராய்டு களிம்பு என்றாலே பதறுகிறவர்கள் அதிகம். குழந்தைக்குத் தருவது பெரும்பாலும் வீரியம் குறைந்த வகை. சொன்ன அளவு, சொன்ன நாள்வரை தடவினால் தோல் ஆறிவிடும். பாதி தடவிப் பயந்து நிறுத்தினால் கரப்பானும் ஆறாது, களிம்பும் வீண். வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளிப்பாட்டி, ஈரம் முழுவதும் காய்வதற்குள் மணமில்லாத ஈரப்பத கிரீமைத் தடவுங்கள். தோல் நன்றாக உள்ள பிள்ளைக்கும் தினமும் கிரீம் தடவினால் கரப்பானே வராது என்ற நம்பிக்கையை 2020இல் பிரிட்டனில் வெளிவந்த பெரிய ஆய்வு பொய்யாக்கிவிட்டது. அந்தச் செலவு வேண்டாம்.

அடுத்து எண்ணெய்க் குளியல். இதைச் சொன்னால் பாட்டிமார் முகம் சுளிப்பார்கள், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். வெடித்த தோலில் நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் தேய்ப்பது, கடலைமாவும் பயற்றம்மாவும் போட்டுக் குளிப்பாட்டுவது ஆகியவற்றைக் கரப்பான் உள்ள பிள்ளைக்கு நிறுத்திவிடுங்கள். எள், கடலை, பயறு எல்லாமே உணவுப் புரதம் கொண்டவை. வேர்க்கடலை எண்ணெய் கலந்த கிரீமைப் புண்பட்ட தோலில் தடவிய பிள்ளைகளிடம் வேர்க்கடலை ஒவ்வாமை அதிகம் இருந்ததை 2003இல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. தோல் பழுதில்லாத பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் பாட்டியின் கைப்பக்குவத்தில் நான் தலையிட மாட்டேன்.

படி 2: ஆறு மாதம்வரை பால், பால் மட்டும்

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு மற்ற உணவோடு இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. தாய்ப்பாலில் பிள்ளையால் செரிக்கவே முடியாத ஒருவகைச் சர்க்கரைகள் ஏராளமாக உள்ளன. செரிக்காததை ஏன் சுரக்க வேண்டும்? அவை பிள்ளைக்கானவை அல்ல, பிள்ளையின் குடலில் வாழும் பிஃபிடோ பாக்டீரியாவுக்கானவை. அந்த நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெருகி, குடலில் அமிலத்தன்மையைக் கூட்டி, நோய்க் கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் பார்த்துக்கொள்கின்றன. அறுவைச் சிகிச்சையில் பிறந்த பிள்ளையின் குடலில் தொடக்கத்தில் இவை குறைவாக இருக்கும். அதற்காகத் தாய் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை. தாய்ப்பாலும் பிறகு வரும் உணவும் அந்த இடைவெளியைப் பெருமளவு குறைத்துவிடும்.

மலேசியாவில் 2023 ஜனவரி முதல் தனியார் துறையில் பிரசவ விடுப்பு 98 நாள். அதாவது மூன்று மாதம் ஆனதும் பெரும்பாலான தாய்மார் வேலைக்குத் திரும்புகிறார்கள். பீய்ச்சி எடுத்த பாலைப் பினாங்கு வெயிலில் பையில் போட்டுக் கொண்டுவராமல், பனிக்கட்டிப் பொதியோடு குளிர்ப்பையில் வையுங்கள். குளிர்பதனப் பெட்டியில் நான்கு நாள்வரை தாங்கும். பால்மாவு கொடுக்க வேண்டிய நிலை வந்தால் கொடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒவ்வாமையைத் தடுக்கும் என்று கூடுதல் விலைக்கு விற்கப்படும், புரதத்தைச் சிதைத்த பால்மாவை மட்டும் அந்த நம்பிக்கையில் வாங்க வேண்டாம். தடுப்புக்கு அதைப் பரிந்துரைப்பதை மருத்துவ அமைப்புகள் கைவிட்டுவிட்டன. பசும்பால் ஒவ்வாமை உறுதியான பிள்ளைக்கு மருத்துவர் எழுதித் தரும் பால்மாவு வேறு கதை.

பிறந்த பிள்ளைக்குச் சேனை தொட்டு வைக்கும் வழக்கத்தில் தேனைத் தவிர்த்துவிடுங்கள். ஓராண்டு நிறையும்வரை தேனே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதைகள் பிள்ளையின் குடலில் முளைத்து, தசைகளைத் தளரச் செய்யும் நஞ்சைச் சுரக்கும். ஓமத் தண்ணீர், கிரைப் வாட்டர், உரைமருந்து எதுவும் இந்த ஆறு மாதத்துக்குத் தேவையில்லை.

படி 3: தொடங்கும் நேரம் வந்துவிட்டதா?

நாள்காட்டியை மட்டும் பார்க்காமல் பிள்ளையைப் பாருங்கள். தலை நிற்க வேண்டும். பிடித்து உட்காரவைத்தால் உட்கார வேண்டும். நீங்கள் சாப்பிடும்போது கையை நீட்ட வேண்டும். கரண்டியை நாக்கால் வெளியே தள்ளாமல் வாய்க்குள் வாங்க வேண்டும். இவை பெரும்பாலும் ஆறாம் மாதத்தை ஒட்டிக் கூடிவரும். நான்கு மாதம் முடியாமல் எதையும் கொடுக்கக் கூடாது.

சோறூட்டு விழாவைக் கோயிலில் நல்ல நாள் பார்த்துச் செய்யுங்கள், தடையில்லை. அன்றைக்குப் பாயசம் உதட்டில் பட்டால் போதும். பலர் கூடி ஆளுக்கொரு வாய் ஊட்டும் நாளில் புதிய உணவு எதையும் சோதிக்காதீர்கள்.

முதல் உணவு தண்ணீராக ஓடக் கூடாது. கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் ஒட்டி நிற்கும் பதம் வேண்டும். பிள்ளையின் வயிறு சிறியது. அதைக் கஞ்சித் தண்ணீரால் நிரப்பினால் சத்துக்கு இடமிருக்காது. 2019ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில் மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று தெரியவந்தது. இதற்குக் காரணங்கள் பல. நீர்த்த கஞ்சியையே மாதக்கணக்கில் கொடுப்பது உதவாது என்பது மட்டும் உறுதி.

பிறக்கும்போது உடலில் சேமித்து வந்த இரும்புச்சத்து ஆறாம் மாதத்தை ஒட்டித் தீரத் தொடங்கும். ஆகவே முதல் வாரங்களிலேயே மசித்த கோழியிறைச்சி, சிறிதளவு ஈரல், பருப்பு, முருங்கைக்கீரை போன்றவை வர வேண்டும். பருப்பும் கீரையும் தரும் இரும்பு உடலில் சேரப் பக்கத்தில் கொய்யாவோ பப்பாளியோ ஆரஞ்சோ இருந்தால் நல்லது. பிஸ்கட்டைத் தேநீரில் தொட்டு ஊட்டும் பழக்கம் இதற்கு நேர் எதிரி. தேநீர் இரும்பைச் சேரவிடாது.

படி 4: ஒவ்வாமை உணவுகளை ஒவ்வொன்றாக

யார் வீட்டில் தொடங்கலாம், யார் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கரப்பான் இல்லாத பிள்ளை, அல்லது லேசாக மட்டும் உள்ள பிள்ளை என்றால் வீட்டிலேயே தொடங்கலாம். கடும் கரப்பான் உள்ள பிள்ளைக்கோ, ஏற்கெனவே ஏதோ ஓர் உணவு உடனே ஒத்துக்கொள்ளாமல் போன பிள்ளைக்கோ வேர்க்கடலை கொடுப்பதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். அவர் தோல் பரிசோதனையோ இரத்தப் பரிசோதனையோ செய்யச் சொல்லலாம். அந்தக் கேள்வியை நான்காம், ஐந்தாம் மாதத் தடுப்பூசிக்குப் போகும்போதே கேட்டுவிட்டால் ஆறாம் மாதம் வீணாகாது. இவர்களுக்குத்தான் தாமதம் அதிகக் கேடு செய்யும்.

புது உணவை முதன்முதலாகக் கொடுப்பதற்கு ஒரு முறை உண்டு. பிள்ளைக்குச் சளி, காய்ச்சல் இல்லாத நாளாக இருக்க வேண்டும். தடுப்பூசி போட்ட நாளும் வேண்டாம்; காய்ச்சலும் தடிப்பும் எதனால் வந்தன என்று குழப்பும். காலை வேளையே நல்லது. கிளினிக் திறந்திருக்கும், நீங்களும் விழித்திருப்பீர்கள். கரண்டி நுனியில் கொஞ்சம் கொடுத்துப் பத்து நிமிடம் பாருங்கள். ஒன்றுமில்லையென்றால் மீதியை வழக்கமான வேகத்தில் ஊட்டுங்கள். பிறகு இரண்டு மணி நேரம் கண் பார்வையில் வைத்திருங்கள். அந்த உணவைக் கையில் எடுத்துப் பிள்ளையின் கன்னத்தில் தடவிப் ‘பரிசோதித்து’ப் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். மேலே சொன்ன தோல்வழி அதுதான்.

*முட்டை.* நன்றாக வேகவைத்து, மஞ்சள் கருவையும் வெள்ளைக் கருவையும் சேர்த்து மசித்துக் கொடுங்கள். மஞ்சள் மட்டும் கொடுத்துவிட்டு முட்டை கொடுத்தாயிற்று என்று நினைக்கக் கூடாது. ஒவ்வாமைக்குக் காரணமான புரதம் பெரும்பாலும் வெள்ளையில்தான் இருக்கிறது. 2017இல் ஜப்பானில் வெளியான ஆய்வில் கரப்பான் உள்ள குழந்தைகளின் தோலை நன்றாகக் குணப்படுத்தி, ஆறாம் மாதம் முதல் சூடாக்கிப் பொடித்த முட்டையை மிகச் சிறிய அளவில் கொடுத்தார்கள். ஒரு வயதில் அவர்களில் 8 விழுக்காட்டினருக்கு முட்டை ஒவ்வாமை. கொடுக்காதவர்களில் 38 விழுக்காட்டினருக்கு. நம் ஊர்க் காப்பிக்கடைகளில் சோயா சாஸ் ஊற்றித் தரும் அரைவேக்காட்டு முட்டை தாத்தாவுக்கே இருக்கட்டும். பிள்ளைக்கு வேண்டாம்.

*வேர்க்கடலை.* முழுக் கடலையை ஐந்து வயதுவரை கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கும். கட்டியில்லாத கடலை வெண்ணெய் இரண்டு சிறுகரண்டி எடுத்து, வெந்நீர் விட்டுக் குழைத்து, ஆறியதும் கஞ்சியிலோ மசித்த வாழைப்பழத்திலோ கலந்து கொடுங்கள். அப்படியே கரண்டியில் கொடுத்தால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வாங்கும்போது சர்க்கரையும் உப்பும் சேர்க்காததைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கடலையை வறுத்துத் தோல் நீக்கி, மிக்ஸியில் எண்ணெய் விடும்வரை அரைத்தால் முடிந்தது.

*மீன்.* இதில் பினாங்குக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். சௌராஸ்தா சந்தையில் காலையில் கிடைக்கும் கெம்போங் (கானாங்கெளுத்தி) மீனை ஆவியில் வேகவைத்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்துவிட்டு, சோற்றில் பிசைந்து கொடுங்கள். பக்கத்து வீட்டு அக்கா சொன்ன இக்கான் பிலிஸ் தூளும் நல்ல யோசனைதான். கழுவி, ஊறவைத்து உப்பைக் குறைத்த பிறகு வறுத்துப் பொடியுங்கள்.

*இறால்.* நன்றாக வேகவைத்து நைய நறுக்கிக் கொடுங்கள். நம் பகுதியில் பெரிய பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் இறால், நண்டு ஒவ்வாமை அதிகமாகத் தென்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. மெத்தையில் வாழும் தூசிப்பூச்சிகளிடமும் இறாலிடமும் ஒரே சாயலில் ஒரு புரதம் இருக்கிறது. ஈரப்பதம் நிறைந்த இந்த ஊரில் தூசிப்பூச்சிக்குக் குறைவில்லை.

*பால், கோதுமை, எள், சோயா.* இவற்றை நீட்டி எழுத வேண்டியதில்லை. புளிக்காத தயிர், ரவைக் கஞ்சி, ஊறிய சப்பாத்தி, எள் அரைத்த விழுது, மென்மையான தவ்வூ (டோஃபு). பசும்பாலை முதன்மைப் பானமாக ஓராண்டுக்கு முன் கொடுக்கக் கூடாது, உணவில் சேர்க்கலாம். முந்திரி, பாதாம் இரண்டையும் தனித்தனியாக அரைத்துக் கலந்து கொடுங்கள்.

பறவைக்கூட்டையும் இந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 1990களில் சிங்கப்பூரில் பிள்ளைகளுக்கு உணவால் ஏற்பட்ட கடும் ஒவ்வாமைகளில் முதலிடம் அதற்குத்தான். அது இல்லாமலும் பிள்ளை வளரும்.

சத்துமாவு டப்பாவை இப்போதே திறக்க வேண்டாம்

ஊரிலிருந்து அம்மா அரைத்து அனுப்புவார், அல்லது லெபோ பாசார் கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கும். கேழ்வரகு, கம்பு, கோதுமை, பொட்டுக்கடலை, பாசிப்பயறு, சோயா, வேர்க்கடலை, முந்திரி, பாதாம், ஏலக்காய். நல்ல உணவுதான். ஆனால் முதல் உணவாகக் கொடுத்து உதடு வீங்கினால் இத்தனை பொருள்களில் குற்றவாளி எது என்று யாராலும் சொல்ல முடியாது. பிறகு அத்தனையையும் நிறுத்த நேரிடும். அதுதான் பெரிய இழப்பு.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முட்டை, கடலை, கோதுமை, சோயா, பருப்பு வகைகளைத் தனித்தனியாகக் கொடுத்து, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையில் இரண்டு மூன்று நாள் விட்டு, எல்லாம் ஒத்துக்கொண்டன என்று தெரிந்த பிறகு சத்துமாவுக்கு வாருங்கள். அப்போது அதே டப்பா உங்கள் வேலையைப் பாதியாகக் குறைக்கும். ஏனென்றால் ஒருமுறை கொடுத்து நிறுத்தினால் பயனில்லை. லீப் ஆய்வில் பிள்ளைகளுக்கு வாரம் மூன்று முறையாவது, வாரத்துக்கு ஆறு கிராம் வேர்க்கடலைப் புரதம் சென்றது. மேலே சொன்ன இரண்டு சிறுகரண்டி கடலை வெண்ணெயில் ஏறத்தாழ இரண்டு கிராம் இருக்கிறது. கணக்குச் சரியாக வரும். முட்டையையும் மற்றவற்றையும் வாரத்தில் ஓரிரு முறையாவது தவறாமல் சுற்றில் வைத்திருங்கள். கடையில் வாங்கும் பொட்டலத்தில் பாகப் பட்டியல் அச்சிடப்படாமல் இருந்தால் அதை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

எது ஒவ்வாமை, எது இல்லை

தக்காளியோ ஆரஞ்சோ வழிந்த இடத்தில் மட்டும் வாயைச் சுற்றிச் சிவந்து, துடைத்த கொஞ்ச நேரத்தில் மறைந்தால் அது பெரும்பாலும் எரிச்சல்தான். சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பில் தடிப்புகள் எழுவது, உதடோ கண்ணோ வீங்குவது, வாந்தி எடுப்பது ஆகியவை ஒவ்வாமை அறிகுறிகள். அந்த உணவை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். தடிப்பு மறைவதற்குள் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூச்சில் விசில் சத்தம், விடாத இருமல், குரல் கம்மல், நாக்கு வீக்கம், வெளிறித் துவண்டு போவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 999க்கு அழையுங்கள். பிள்ளையைத் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு ஓடாமல், கையிலேயே படுக்கை வாட்டத்தில் வைத்திருங்கள். இந்த நிலைக்கு முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. வீட்டிலிருக்கும் அரிப்பு சிரப்பை ஊற்றிவிட்டுக் காத்திருப்பது நேரத்தைத் தின்னும்.

தாமதமாக வரும் ஒரு வகையும் உண்டு. தடிப்பு எதுவும் இருக்காது. சாப்பிட்ட ஒன்றிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் பிள்ளை திரும்பத் திரும்ப வாந்தியெடுத்து, வெளிறி, சோர்ந்து விழும். பால், சோயா மட்டுமல்ல, நாம் பரமசாது என்று நினைக்கும் அரிசிகூட இதைத் தூண்டலாம். வெளிறித் துவண்டால் மேலே சொன்னபடி 999தான். ஒருமுறை இப்படி நடந்தாலும் வயிற்றுக்கோளாறு என்று விட்டுவிடாமல் அந்த விவரத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். மலத்தில் இரத்தக் கோடு தெரிந்தாலும் அப்படியே.

குடலுக்கு வேறென்ன வேண்டும்

சொட்டு மருந்தாக விற்கும் புரோபயாட்டிக் ஒவ்வாமையைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அந்த ரிங்கிட்டுக்குப் பழமும் காய்கறியும் வாங்கலாம். குடல் நுண்ணுயிர்களுக்கு வேண்டியது பலவகை நார்ச்சத்து. இன்று பூசணி, நாளை கீரை, மறுநாள் பருப்பு என்று மாற்றிக்கொண்டே இருந்தால் போதும். தயிரில் உயிருள்ள நுண்ணுயிர்கள் உண்டு. இட்லியிலும் உண்டு என்று சொல்லித் திரிகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆவியில் வெந்த பிறகு அவை பிழைத்திருப்பதில்லை. இட்லி நல்ல உணவு, அந்தக் காரணத்துக்காக அல்ல.

சளிக்கெல்லாம் ஆன்டிபயாட்டிக் கேட்காதீர்கள். வைரஸ் சளியை அது தொடாது, குடலில் உள்ள நல்லவற்றைத்தான் கொல்லும். தேவையென்று மருத்துவர் கொடுத்தால் முழுவதும் கொடுத்து முடியுங்கள். திட உணவு தொடங்கியதும் மலம் இறுகினால் பப்பாளியும் கொஞ்சம் கொதித்தாறிய தண்ணீரும் போதும். விளக்கெண்ணெய் வேண்டாம். வயிற்றுப்போக்கு என்றால் உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் கரைத்துக் கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

ஓராண்டுவரை உப்பு, சர்க்கரை சேர்க்காதீர்கள். கட்டிப்பால் பிள்ளைப்பால் அல்ல. முழுத் திராட்சை, மீன் உருண்டை, முறுக்கு, கச்சாங் பூத்தே என்னும் கடலைக் கலவை, சின்னக் கிண்ண ஜெல்லி, ரம்புத்தான் ஆகிய எல்லாமே தொண்டையை அடைக்கக்கூடியவை.

கிளினிக்கும் தஸ்காவும்

அரசாங்கத் தாய்சேய் நலக் கிளினிக்கில் தரும் குழந்தைச் சுகாதாரப் பதிவேட்டை ஒவ்வொரு முறையும் எடுத்துப் போங்கள். எந்த உணவு எந்தத் தேதியில் தொடங்கியது, என்ன நடந்தது என்பதை ஒரு தாளில் எழுதி அதில் செருகி வையுங்கள். தாதி எடையையும் உயரத்தையும் குறிக்கும்போது வளர்ச்சிக் கோட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முட்டை ஒவ்வாமை இருந்தால் ஒன்பதாம், பன்னிரண்டாம் மாதத்தில் போடும் தட்டம்மைத் தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைகளுக்கும் அது பாதுகாப்பானதே. குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கட்டணம் வேறு என்பதால் புதிதாக வந்தவர்கள் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

ஒவ்வாமை உறுதியான பிள்ளை என்றால் பொட்டலங்களில் இந்த மலாய்ச் சொற்களைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்: கச்சாங் தானா என்றால் வேர்க்கடலை, தெலோர் முட்டை, சூசு பால், கண்டும் கோதுமை, ஊடாங் இறால், பீஜான் எள். வெளியில் சாப்பிடும்போது சாத்தே குழம்பிலும் பசெம்பூர் குழம்பிலும் வேர்க்கடலை உண்டு, பெலாச்சான் சேர்த்த சம்பலில் இறால் வகை உண்டு, கிச்சாப் என்னும் சோயா சாஸில் சோயாவோடு பெரும்பாலும் கோதுமையும் உண்டு.

பிள்ளையைத் தஸ்கா என்னும் குழந்தைக் காப்பகத்தில் விடுகிறவர்கள் புதிய உணவின் முதல் வாயை அங்கே விடாதீர்கள். அதை வீட்டில், நீங்கள் இருக்கும் நாளில் முடித்துவிட்டு, ஒத்துக்கொண்டவற்றின் பட்டியலை மட்டும் கொடுங்கள். பார்த்துக்கொள்பவர் மலாய்க்காரராக இருந்தால் பட்டியலை மலாயில் எழுதுங்கள். என்ன கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது, தடிப்போ வாந்தியோ வந்தால் யாரை அழைக்க வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். ஒரு பிரதியைப் பிள்ளையின் பையிலும் வைத்து, புதிய உணவு ஒன்று சேரும்போதெல்லாம் இரண்டையும் மாற்றுங்கள்.